சை யங்: 511 வெற்றிகளும் அவர் காலத்துப் பிட்சர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ்பால் புள்ளிவிவரங்களுக்குள் நுழையும் எவரும் முதல் வாரத்திலேயே மோதிக்கொள்ளும் எண் 511. சை யங் என்ற அமெரிக்கப் பிட்சர் 1890 முதல் 1911 வரை, 22 பருவங்களில் பெற்ற வெற்றிகள் அவை. அதைப் பார்த்ததும் வாயைப் பிளப்போம். அடுத்த நொடியே சந்தேகம் வரும்: அந்தக் காலத்தில் எல்லோருமே இப்படித்தான் வென்றார்களா? இந்தப் பக்கம் அந்தச் சந்தேகத்துக்கானது.

யார் இந்த சை யங்?

முழுப்பெயர் டென்டன் ட்ரூ யங். 1867 மார்ச் 29 அன்று ஒஹையோ மாநிலத்தின் கில்மோர் என்ற சிற்றூரில் பிறந்த விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பயிற்சியின்போது அவர் எறிந்த பந்துகள் மரவேலியைப் பெயர்த்து, சூறாவளி புகுந்த இடம் போல ஆக்கிவிட்டன என்பார்கள். சூறாவளிக்கான 'சைக்ளோன்' என்ற சொல் சுருங்கி 'சை' ஆனது. 1890 ஆகஸ்டில் கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ் அணிக்காக முதல் ஆட்டம். சிகாகோவை 8–1 என்று வென்றார். பிறகு செயின்ட் லூயிஸ், பாஸ்டன், மீண்டும் கிளீவ்லாந்து, கடைசியில் பாஸ்டனின் இன்னோர் அணி. 1903இல் நடந்த முதல் உலகத் தொடரின் (இரு பெரிய லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதும் தொடர்) முதல் பந்தை எறிந்தவரும் இவரே.

பேஸ்பால் தெரியாது. பிட்சருக்கு 'வெற்றி' என்று தனியாக ஒன்று எப்படி வருகிறது?

பிட்சர் என்பவர் களத்தின் நடுவிலுள்ள மேட்டில் நின்று, மட்டையோடு நிற்பவரை நோக்கிப் பந்து எறிபவர். கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர்கள் மாறி மாறி ஓவர் போடுவார்கள்; பேஸ்பாலில் ஒருவரே தொடர்ந்து எறிவார். அவரை மாற்றினால் அன்றைய ஆட்டத்தில் அவர் திரும்பி வர முடியாது. ஓர் ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ்; ஒவ்வொன்றிலும் எதிரணியின் மூன்று பேர் அவுட் ஆகும் வரை எறிய வேண்டும். அணி வென்றால் அந்த வெற்றி ஒரு பிட்சரின் பெயரிலும், தோற்றால் தோல்வி ஒரு பிட்சரின் பெயரிலும் எழுதப்படும்.

நியாயமான கணக்கா என்றால், இல்லை. தன் அணி ஓட்டமே எடுக்காவிட்டால் எவ்வளவு நன்றாக எறிந்தும் தோல்வி அவர் தலையில்தான் விழும். 1905இல் யங்குக்கு அதுதான் நேர்ந்தது. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கணக்கில் விழுந்த ஓட்டங்கள் சராசரியாக 1.82 மட்டுமே. ஆண்டு முழுவதும் 320 இன்னிங்ஸ் எறிந்து, 210 பேரை ஸ்டிரைக்-அவுட் செய்து, வெறும் 30 பேருக்குத்தான் 'வாக்' கொடுத்தார். (மட்டைக்காரர் அடிக்கத் தவறும் நல்ல பந்து ஒரு ஸ்டிரைக்; மூன்று ஸ்டிரைக் ஆனால் அவர் அவுட், அதுதான் ஸ்டிரைக்-அவுட். நான்கு பந்துகள் இலக்குக்கு வெளியே போனால் மட்டைக்காரர் சும்மா முதல் பேஸுக்கு, அதாவது ஓட்டம் எடுக்கும் வழியிலுள்ள முதல் நிறுத்தத்துக்கு, நடந்து போகலாம், அதுதான் வாக்.) பலன்? 18 வெற்றி, 19 தோல்வி.

மொத்தக் கணக்கு என்ன?

906 ஆட்டங்கள். அவற்றில் 815இல் தொடக்கப் பிட்சர். 749இல் முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை அவரே. 7,356 இன்னிங்ஸ், 511 வெற்றி, 316 தோல்வி. எதிரணிக்கு ஓட்டமே கொடுக்காத ஷட்அவுட் ஆட்டங்கள் 76. ஸ்டிரைக்-அவுட் 2,803, வாக் 1,217. ஈஆர்ஏ, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் பொறுப்பில் சேரும் ஓட்டங்களின் சராசரி, 2.63.

இவற்றில் 749ஐத்தான் நான் முதலில் கவனிக்கச் சொல்வேன். தொடங்கிய நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ 92ஐ அவரே முடித்திருக்கிறார். 1986இல் ஃபெர்னாண்டோ வலென்சுவேலா ஒரே பருவத்தில் 20 ஆட்டங்களை முடித்தார். அதன் பிறகு அந்த 20ஐ ஒருவரும் தொடவில்லை. யங்கின் 7,356 இன்னிங்ஸை இன்றைய பிட்சர் ஒருவர் எட்ட வேண்டுமானால், ஆண்டுக்கு 200 என்ற நல்ல கணக்கில் எறிந்தாலும் 37 பருவங்கள் ஆகும்.

அதிகத் தோல்விகளும் அவருடையவைதானாமே?

ஆமாம். 316 தோல்விகளும் சாதனைதான். அதிக ஹிட் (மட்டைக்காரர் பந்தை அடித்துப் பத்திரமாகப் பேஸை அடைவது) கொடுத்தவரும் அவரே: 7,092. குறை சொல்ல நினைப்பவர்கள் இதை எடுத்து வீசுவார்கள். ஆனால் முந்நூறு முறை தோற்கும் அளவுக்கு ஒருவரை அணிகள் விடாமல் களத்தில் இறக்கின என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். சுமாரான பிட்சர் நூறு தோல்விக்குள்ளாகவே வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார். தோல்விப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் 310உடன் நிற்கும் பட் கால்வினும் சாதாரண ஆளில்லை. அவருக்கு 365 வெற்றிகள் உண்டு.

அந்தக் காலத்தில் எல்லோருமே நூற்றுக்கணக்கில் இன்னிங்ஸ் எறிந்தார்களே? யங் மட்டும் என்ன சிறப்பு?

மிக நியாயமான கேள்வி. 1879இல் சின்சினாட்டியின் வில் வைட் ஒரே ஆண்டில் 680 இன்னிங்ஸ் எறிந்தார். 1884இல் ப்ராவிடென்ஸின் சார்லஸ் ராட்போர்ன் 678 இன்னிங்ஸ் எறிந்து 59 ஆட்டங்களை வென்றார் (60 என்றும் ஒரு கணக்கு உண்டு). கால்வின் 1883, 1884 இரு ஆண்டுகளிலும் அறுநூறு இன்னிங்ஸைத் தாண்டினார். யங்கின் உச்ச ஆண்டு 1892. அப்போதும் 453 இன்னிங்ஸ்தான். ஆண்டுக்கணக்கில் பார்த்தால் முந்தைய தலைமுறையினர் அவரை மிஞ்சிவிட்டார்கள்.

வித்தியாசம் என்னவென்றால், அவர்கள் எறிந்தது வேறு ஆட்டம். 1884 வரை தேசிய லீக்கில் (பின்னர் யங் நுழைந்த பெரிய லீக்) தோளுக்கு மேலே கையைத் தூக்கி எறியவே அனுமதி இல்லை. மட்டைக்காரர் 'உயரமாகப் போடு', 'தாழ்வாகப் போடு' என்று கேட்டு வாங்கும் உரிமை 1887 வரை இருந்தது. தூரமும் குறைவு. அப்படிப்பட்ட சூழலில் அறுநூறு இன்னிங்ஸ் எறியலாம். ஆனால் சில ஆண்டுகளுக்கு மேல் தோள் தாங்காது. யங் கை தூக்கி எறியும் காலத்தில் வந்து 22 பருவங்கள் நின்றார். கால்வின் 6,003 இன்னிங்ஸ், 646 முழு ஆட்டங்கள் என்று இரண்டு பட்டியல்களிலும் இரண்டாம் இடத்தில் இருக்கிறார். முதலிடத்துக்கு ஆயிரத்து முந்நூறு இன்னிங்ஸ் இடைவெளி.

1893இல் தூரத்தை மாற்றினார்களே, அது யாரை எப்படிப் பாதித்தது?

என்னைக் கேட்டால் சை யங்கின் கதை முழுவதும் இந்த ஒரு மாற்றத்தில்தான் திரும்புகிறது.

அதற்கு முன் பிட்சர் ஒரு பெட்டிக்குள் நின்று எறிந்தார். பெட்டியின் முன்கோடு மட்டைக்காரரிடமிருந்து 50 அடி. 1893இல் பெட்டியை எடுத்துவிட்டு, 60 அடி 6 அங்குலத்தில் ஒரு ரப்பர் பலகையைப் பதித்தார்கள். தூரம் பத்தரை அடி கூடிவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல. பிட்சரின் பின்கால் பெட்டியின் பின்கோட்டில் இருக்க வேண்டும் என்ற விதி முன்பே இருந்தது. அந்தக் கோடு 55 அடி 6 அங்குலத்தில். ஆகவே உண்மையில் கூடியது ஐந்து அடி.

ஐந்து அடிதானே என்று நினைக்க வேண்டாம். தேசிய லீக்கின் மட்டைச் சராசரி, அதாவது மட்டைக்காரர்களின் முயற்சிகளில் ஹிட் ஆனவற்றின் பங்கு, 1892இல் .245. 1893இல் .280. 1894இல் .309. லீக்கின் மொத்த ஈஆர்ஏ இரண்டே ஆண்டுகளில் 3.28இலிருந்து 5.3க்கு எகிறியது. ஆட்டமே தலைகீழாகப் புரண்டுவிட்டது.

சிகாகோவின் பில் ஹட்சின்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 1890 முதல் 1892 வரை லீக்கில் அவரைவிட அதிகம் உழைத்தவர் இல்லை. 1892இல் மட்டும் 600 இன்னிங்ஸுக்கு மேல், வெற்றிகளில் யங்கோடு உச்சியில். 1893இல் 16 வெற்றி, 24 தோல்வி. அதோடு அவருடைய பெருமை முடிந்தது. யங்கும் அடி வாங்கினார்: 1.93ஆக இருந்த ஈஆர்ஏ 3.36 ஆனது, மறு ஆண்டு 3.94. ஆனால் லீக் எங்கே போயிற்று என்று பார்த்தால் அவர் அப்படியே நின்ற இடத்தில் நிற்கிறார். 1893இல் 34 வெற்றி, 1895இல் 35 வெற்றி 10 தோல்வி.

அவருடைய நேரடிப் போட்டியாளர் யார்?

கிட் நிக்கல்ஸ். இந்தப் பெயர் இன்று ஏன் இவ்வளவு மங்கிவிட்டது என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

இருவரும் லீக்கில் நுழைந்தது ஒரே ஆண்டு, 1890. நிக்கல்ஸ் இரண்டரை வயது இளையவர். பாஸ்டன் பீனீட்டர்ஸ் அணியில் ஆடினார். முதல் பத்துப் பருவங்களின் வெற்றிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். நிக்கல்ஸ்: 27, 30, 35, 34, 32, 26, 30, 31, 31, 21. யங்: 9, 27, 36, 34, 26, 35, 28, 21, 25, 26. கூட்டினால் 1899 முடிவில் நிக்கல்ஸ் 297, யங் 267.

யங் ஆகஸ்டில்தான் வந்தார் என்பதால் முதல் ஆண்டைத் தள்ளிப் பாருங்கள்: 270க்கு 258. அப்போதும் நிக்கல்ஸ்தான் முன்னால். ஏழு பருவங்களில் அவர் முப்பது வெற்றிகளைத் தொட்டார். யங்குக்கு அப்படி ஐந்துதான். முந்நூறாவது வெற்றியைப் பெற்றபோது நிக்கல்ஸின் வயது 30. அவ்வளவு இளம் வயதில் அந்த எண்ணை வேறு யாரும் எட்டியதில்லை. 1900ஆம் ஆண்டு யாராவது 'நூற்றாண்டின் சிறந்த பிட்சருக்கு' பரிசு கொடுத்திருந்தால் அதற்கு அவர் பெயரைச் சூட்டியிருப்பார்கள்.

பாஸ்டன் அந்தப் பத்தாண்டில் ஐந்து முறை முதலிடம் பிடித்த அணி, அது நிக்கல்ஸுக்குக் கைகொடுத்தது என்ற வாதம் உண்டு. உண்மைதான். ஆனால் பாஸ்டன் முதலிடம் பிடித்ததற்கே நிக்கல்ஸ்தான் பெருங்காரணம்.

பிறகு யங் எப்படி முந்தினார்?

நிக்கல்ஸ் நின்றார், யங் நிற்கவில்லை. 1900 முதல் நிக்கல்ஸ் சேர்த்தது 64 வெற்றிகள்; நடுவில் இரண்டு ஆண்டுகள் கான்சஸ் சிட்டிக்குப் போய் ஒரு சிறிய லீக் அணியை நடத்தினார். யங் சேர்த்தது 244. முப்பத்து மூன்று வயதுக்குப் பிறகு தொடங்கிய அந்த இரண்டாம் பாதி மட்டுமே வேறொருவருக்கு மரியாதையான ஆட்ட வாழ்க்கையாக இருந்திருக்கும்.

1901இல் அமெரிக்கன் லீக் என்ற புதிய பெரிய லீக் உருவானது. பழைய லீக்கில் 2,400 டாலர் சம்பள உச்சவரம்பு; பாஸ்டனின் புதிய அணி யங்குக்கு 3,500 டாலர் தர முன்வந்தது. போனார். முதல் ஆண்டே 33 வெற்றி, 10 தோல்வி, ஈஆர்ஏ 1.62. அணி வென்றவை 79. அதில் 33 அவருடையவை. புதிய லீக்கில் எதிரணிகள் பலவீனம் என்று சொல்லி இதைக் குறைக்கலாம். கொஞ்சம் குறைக்கவும் வேண்டும். ஆனால் 1908இல் அந்தச் சாக்கு செல்லாது. அப்போது அவருக்கு வயது 41. 299 இன்னிங்ஸ், 37 வாக், ஈஆர்ஏ 1.26. கிளீவ்லாந்தின் ஆடி ஜாஸ் மட்டும் 1.16 என்று அவரை முந்தினார். அதே ஆண்டு 40 வெற்றிகளுடன் லீக்கையே ஆட்டிப்படைத்த சிகாகோவின் எட் வால்ஷுக்கு 1.42.

ஏமஸ் ரூசி, ரூப் வாடல் போன்றோர் இன்னும் வேகமாக எறிந்தார்களாமே?

வேகத்தில் ஆமாம். நியூயார்க்கின் ரூசி எறிந்த வேகத்துக்குப் பயந்துதான் 1893இல் தூரத்தைக் கூட்டினார்கள் என்றே ஒரு பேச்சு உண்டு. 1894இல் லீக் ஈஆர்ஏ ஐந்தைத் தாண்டியபோது ரூசியுடையது 2.78, 36 வெற்றிகள். ஓர் ஆண்டின் உச்சத்தை மட்டும் பார்த்தால் யங்கின் தொண்ணூறுகளில் அதற்கு ஈடாக ஒன்றைக் காட்டுவது கடினம்.

ஆனால் ரூசி ஒன்பது இன்னிங்ஸுக்கு நான்கு பேரை நடக்கவிட்டார். யங்கின் சராசரி ஒன்றரை. நிக்கல்ஸுடையது இரண்டேகால். எறியும் பந்துகளின் எண்ணிக்கை இங்கேதான் மிச்சமாகிறது. ஒவ்வொரு 'வாக்'குக்கும் குறைந்தது நான்கு பந்துகள். ரூசியின் தோள் பல்லாயிரம் பந்துகளைக் கூடுதலாகச் சுமந்தது. 27 வயதில் தோள் போயிற்று. 1896இல் சம்பளத் தகராறில் ஆண்டு முழுக்க ஆடாமல் வேறு இருந்தார். கடைசியில் நியூயார்க் அவரைச் சின்சினாட்டிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஓர் இளைஞரை வாங்கியது. ரூசி அங்கே மூன்றே ஆட்டங்கள் ஆடினார். அந்த இளைஞர் கிறிஸ்டி மேத்யூசன். நியூயார்க்குக்காக 372 ஆட்டங்களை வென்றார்.

யங் மாறாக, ஆட்டத்துக்கு முன் மூன்று நான்கு நிமிடங்களுக்கு மேல் கையைச் சூடேற்றமாட்டார். தோளில் இருப்பது இத்தனை எறிதான், அதை வீணாக்கக்கூடாது என்பது அவர் கட்சி. குளிர்காலத்தில் பண்ணையில் விறகு பிளந்தார்.

ஸ்டிரைக்-அவுட்டில் வாடல் வேறு ரகம்: ஒன்பது இன்னிங்ஸுக்கு ஏழு. யங்குக்கு மூன்றரைகூட இல்லை. இதில் ஒரு விதி ஒளிந்திருக்கிறது. மட்டையில் பட்டு ஆடுகள எல்லைக்கு வெளியே, அதாவது ஃபவுல், போன பந்தை ஸ்டிரைக்காக எண்ணும் வழக்கம் தேசிய லீக்கில் 1901இலும் அமெரிக்கன் லீக்கில் 1903இலும்தான் வந்தது. யங்கின் பாதி வாழ்க்கையில் மட்டைக்காரர்கள் பந்தை வெளியே தட்டித் தட்டி விட்டுக்கொண்டே இருக்கலாம். வாடல் பெரும்பாலும் புதிய விதியில் ஆடினார்.

யங்கும் பிலடெல்பியாவுக்கு ஆடிய வாடலும் நேருக்கு நேர் மோதிய ஆட்டம் 1904 மே 5, பாஸ்டனில். யங்கின் முன் பிலடெல்பியாவின் 27 பேர் வந்தார்கள், 27 பேரும் அவுட். ஒருவர்கூட முதல் பேஸைத் தொடவில்லை. இருபத்தேழாவது ஆள் வாடலேதான். பந்தை வானத்துக்குத் தூக்கி அடித்துப் பிடி கொடுத்தார். 3–0. புதிய தூரத்தில் எறியப்பட்ட முதல் பர்ஃபெக்ட் கேம் அது.

ஈஆர்ஏ 2.63 என்பது அப்படியொன்றும் மிகக் குறைவாகத் தெரியவில்லையே?

வால்ட்டர் ஜான்சன் 2.17, மேத்யூசன் 2.13, ஜாஸ் 1.89. அவர்களுக்குப் பக்கத்தில் 2.63 கொஞ்சம் பருமனாகத்தான் தெரியும். ஆனால் அவர்கள் ஆடியது ஓட்டம் வறண்ட காலம். யங் 1894ஐயும் பார்த்தவர். லீக் சராசரியை 100 என்று வைத்து, கூடினால் நல்லது என்று அளக்கும் ஒரு முறை இருக்கிறது. அதில் யங் 138. மேத்யூசன் 136. நிக்கல்ஸ் 140. ஜான்சன் 147. ஆக, ஓர் இன்னிங்ஸுக்கு இவ்வளவு தரம் என்று அளந்தால் ஜான்சன் மேலே, நிக்கல்ஸும் மயிரிழை மேலே. ஆனால் நிக்கல்ஸ் அந்தத் தரத்தை 5,067 இன்னிங்ஸுக்குக் காத்தார், ஜான்சன் 5,914க்கு, யங் 7,356க்கு.

ஈஆர்ஏ பற்றி இன்னொன்று. லீக்குகள் அதை அதிகாரபூர்வமாகக் கணக்கிடத் தொடங்கியது 1912, 1913இல், யங் ஓய்வு பெற்ற பின்னர். இந்த எண்கள் எல்லாம் பிற்காலத்தவர் பழைய ஆட்டக்குறிப்புகளைப் புரட்டிப் போட்டவை. அப்படிப் போட்டபோது கிடைத்த ஒரு விவரம் எனக்குப் பிடிக்கும். யங் களத்தில் இருந்தபோது எதிரணிகள் எடுத்த ஓட்டங்கள் 3,167. அவற்றில் அவர் பொறுப்பு 2,147. மீதி 1,020, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சகவீரர்கள் தவறவிட்டதால் வந்தவை. ஜான்சனுக்கு இது நான்கில் ஒன்று. கையுறை அப்போது ஒரு தோல்துண்டுதான், தரையோ கரடுமுரடு. கிளீவ்லாந்தில் யங்கின் பந்துகளைப் பிடித்த கேட்சர் சீஃப் ஸிம்மர், உள்ளங்கை கிழியாமலிருக்க கையுறைக்குள் ஒரு துண்டு மாட்டிறைச்சியைச் செருகிக்கொள்வார் என்று சொல்வார்கள்.

சில இடங்களில் 511–313 என்றும் 511–315 என்றும் பார்க்கிறேன். எது சரி?

இன்று பரவலாக ஏற்கப்படுவது 511–316. யார் வென்றார், யார் தோற்றார் என்று தீர்மானிக்கும் விதியே 1950இல்தான் முறையாக எழுதப்பட்டது. அதற்கு முன் ஆட்டத்தைப் பதிவு செய்தவரின் விருப்பம். நிக்கல்ஸுக்கு 361 என்றும் 362 என்றும் இருப்பதும் இதனால்தான்.

அப்படியானால் சிறந்த பிட்சருக்கு ஆண்டுதோறும் தரும் 'சை யங் விருது'க்கு ஏன் யங்கின் பெயர்?

1955 நவம்பரில் அவர் காலமானார். மறு ஆண்டே பேஸ்பால் ஆணையர் ஃபோர்டு ஃப்ரிக் சிறந்த பிட்சருக்கான விருதை ஏற்படுத்தி அந்தப் பெயரை வைத்தார். முதலில் வாங்கியவர் டான் நியூகோம். ஓர் ஆண்டின் உச்சத்துக்குத் தரும் பரிசுக்கு, உச்சத்தைவிட நீடிப்புக்குப் பேர்போனவரின் பெயர். பொருத்தமில்லைதான்.

அவர் உயிரோடிருந்தபோது இவ்வளவு மரியாதை கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1936இல் புகழ்மண்டபத்துக்கு நடந்த முதல் வாக்கெடுப்பில் மேத்யூசனும் ஜான்சனும் தேர்வானார்கள். 511 வெற்றி பெற்றவருக்குப் பாதி வாக்குக்கூட விழவில்லை. அவரைப் பழைய நூற்றாண்டுக்காரராக எண்ணுவதா, புதியவராக எண்ணுவதா என்று வாக்காளர்களுக்கே குழப்பம். மறு ஆண்டு 76.1 சதவீதத்தில் தேறினார், தேவைப்பட்டது 75. நிக்கல்ஸ் 1949 வரையும், ரூசி இறந்த பிறகு 1977 வரையும் காத்திருந்தார்கள்.

511ஐ யாராவது முறியடிப்பார்களா?

மாட்டார்கள். ஆண்டுக்கு 20 வெற்றி என்று வைத்தாலும் 26 ஆண்டுகள் வேண்டும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அதிகம் வென்ற வாரன் ஸ்பானுக்கே 363தான்.

511ஆவது வெற்றி எப்போது வந்தது?

1911 செப்டம்பர் 22, பிட்ஸ்பர்க்கில், 1–0. அவருக்கு வயது 44. தொந்தி போட்டுவிட்டது, மட்டைக்காரர்கள் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடினால் குனிந்து எடுக்கச் சிரமப்பட்டார். அதே மாதம் பிலடெல்பியாவின் புதுமுகம் ஒருவர் அவரை 1–0 என்று தோற்கடித்திருந்தார்: க்ரோவர் அலெக்சாண்டர், பிற்காலத்தில் 373 வெற்றிகள். அக்டோபரில் புரூக்ளினுக்கு எதிராகக் கடைசியாக ஒருமுறை மேட்டில் ஏறினார். 13–3. அந்த 316இல் கடைசி ஒன்று அதுதான்.